ரோட்ஸ் பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரீஸின் ரோட்ஸ் தீவில் சொகுசுக் கப்பலில் வந்து இறங்குகிற பலர், மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தை ஒரே தெருவோடு முடித்துக்கொள்கிறார்கள். ஒருகாலத்தில் தீவை ஆண்ட கிறிஸ்தவப் போர்வீரர் சபையான நைட்ஸ்களின் பெயர்கொண்ட நைட்ஸ் தெருவில் ஏறி, மேலே அவர்களுடைய தலைவரான கிராண்ட் மாஸ்டரின் அரண்மனையைப் படமெடுத்து, சோக்ரடூஸ் கடைத்தெரு வழியாக இறங்கிவிட்டால் ஊரைப் பார்த்தாயிற்று என்று நினைப்பு. அதுவும் வெயில் உச்சியில், நெரிசலோடு நெரிசலாக. கூடுமானால் மதிலுக்குள்ளேயே ஓர் இரவு தங்குங்கள். காலை எட்டு மணிக்கு நைட்ஸ் தெரு உங்களுக்கே உங்களுக்கு என்று இருக்கும்.

அரண்மனையை அப்படியே நைட்ஸ் காலத்துக் கட்டடம் என்று நம்பிவிட வேண்டாம். 1856இல் வெடிமருந்து வெடித்து அது தகர்ந்துபோனது. இன்று நிற்பது 1930களில் இத்தாலிய ஆட்சியாளர்கள் எடுத்துக் கட்டியது. தரையிலுள்ள மொசைக்குகள் பலவும் கோஸ் தீவிலிருந்து கொண்டுவந்தவை. அசல் வேலைப்பாடு வேண்டுமென்றால் நைட்ஸ்கள் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய மருத்துவமனைக்குப் போங்கள். இப்போது அதுதான் தொல்லியல் அருங்காட்சியகம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, அகழியில் இறங்காமல் திரும்புவது. அகழி என்றதும் தண்ணீரும் முதலையும் நினைவுக்கு வரும். இது வறண்ட அகழி. இன்று மரநிழலில் காசில்லாமல் நடக்கலாம். 1480இல் உஸ்மானிய (துருக்கிய) பேரரசின் படை முற்றுகையிட்டுத் தோற்றுப் போனது. பீரங்கி மறுபடி வரும் என்று தெரிந்து, நைட்ஸ்கள் அதன்பிறகு மதிலைத் தடிப்பாக்கி, அகழியை அகலப்படுத்தினார்கள். 1522இல் உஸ்மானிய சுல்தான் சுலைமான் பெரும்படையோடு வந்தும் ஊரைப் பிடிக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. ஏன் என்பது கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் புரியும். கல் குண்டுகள் இன்னும் அங்கே கிடக்கின்றன.

யூதக் குடியிருப்பையும் விட்டுவிடாதீர்கள். கடற்குதிரை நீரூற்று உள்ள சதுக்கத்தில் படமெடுக்கிற பலர், பக்கத்திலிருக்கும் நினைவுக்கல்லைக் கவனிப்பதில்லை. 1944 ஜூலையில் இந்தத் தீவிலிருந்து 1,600க்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலானோர் திரும்பவில்லை. 1577இல் கட்டிய காஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே கொஞ்ச நேரம் செலவிடுவது நாம் செய்யவேண்டிய மரியாதை.

அப்புறம், செருப்பு. பல சந்துகளில் கூழாங்கல் பதித்த தரை. குதிகால் உயர்ந்த செருப்பு சரிவராது, சக்கரம் வைத்த பெட்டியும் உருளாது. தோள் பையே நல்லது.