ஃபயர்பால் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் 5-ஆம் பதிப்பில், விசார்டு (மந்திரவாதிப் பாத்திரம்) 5-ஆம் லெவலுக்கு வந்ததும் பலரும் முதலில் எடுப்பது ஃபயர்பால் என்ற நெருப்புக்கோள மந்திரம்தான். நல்ல தேர்வு. ஆனால் எல்லோருடைய கண்ணும் உருட்டப்போகும் 8 பகடைகள் மேலேயே இருக்கிறது. 20 அடி ஆரத்தை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. பாதித் தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

20 அடி ஆரம் என்றால் குறுக்கே 40 அடி, அதாவது வரைபடத்தில் 8 கட்டம். சின்ன அறை என்றால் மொத்தமும் உள்ளே போய்விடும். தூணுக்குப் பின்னால் நிற்கும் நண்பர் தப்பிவிடுவார் என்று நம்பாதீர்கள். 2014 விதிகளின்படி இந்த நெருப்பு மூலை திரும்பியும் பரவும். பலர் எதிரிக் கூட்டத்தின் நடுவிலேயே குறி வைக்கிறார்கள். அது தேவையே இல்லை. நடுவில் நின்றாலும் விளிம்பில் நின்றாலும் சேதம் ஒன்றுதான். அதனால் மையத்தைக் கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். முன்வரிசை எதிரி விளிம்பில் மாட்டுவான், அவனோடு மோதிக்கொண்டிருக்கும் உங்கள் ஃபைட்டர் வெளியே இருப்பார். எனக்குத் தெரிந்து இந்த மந்திரத்தில் கற்க வேண்டிய முதல் வித்தை இதுதான்.

அப்புறம், நேரம். எதிரிகள் கூட்டமாக நிற்பது பெரும்பாலும் முதல் ரவுண்டில்தான். உங்கள் முறை பின்னால் வருகிறது என்றால், முன்னால் ஆடுபவர்களிடம் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். ரெடி ஆக்‌ஷனில் ஃபயர்பாலைப் பிடித்து வைப்பது, அதாவது குறித்த தருணம் வரும்போது எறியத் தயாராகக் காத்திருப்பது, ஆபத்தான வழி. பிடித்திருக்கும் நேரம் முழுக்க கான்சன்ட்ரேஷன் (ஒரு சமயத்தில் ஒரே மந்திரத்தில் மட்டும் வைக்க முடிகிற கவனம்) வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறு மந்திரம் அறுந்துபோகும். காத்திருந்த தருணம் வராவிட்டால் ஸ்லாட்டும் (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு) வீண்.

வீச்சு 150 அடி. இருந்தும் 30 அடிக்குள் போய் நின்றுகொண்டு எறிபவர்கள் நிறைய. எதிரியிடம் கவுன்டர்ஸ்பெல் (பிறர் போடும் மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம்) இருந்தால் அது 60 அடிக்குள்தான் எட்டும். தள்ளி நில்லுங்கள்.

ஒற்றை எதிரிக்காக இதைச் செலவழிக்காதீர்கள். சராசரிச் சேதம் 28. டெக்ஸ்டெரிட்டி சேவில் (விலகித் தப்ப எதிரி உருட்டும் பகடைச் சோதனை) தப்பினால் அதிலும் பாதி. சிவப்பு டிராகனுக்கு ஒன்றுமே ஆகாது. பெரிய ஸ்லாட்டில் போடுவதும் அப்படித்தான்: 5-ஆம் லெவல் ஸ்லாட்டைக் கொடுத்தாலும் கூடுவது 2 பகடை, சராசரி 35. அந்த ஸ்லாட்டுக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது.

பகடையை எல்லா எதிரிகளுக்கும் சேர்த்து ஒரே முறை உருட்டினால் போதும். ஆளுக்கு ஒருமுறை உருட்டி ஆட்டத்தை இழுக்க வேண்டாம். யாரும் அணியாத, கையில் வைத்திராத, எரியக்கூடிய பொருள்களும் தீப்பிடிக்கும். நீங்கள் தேடி வந்த கடிதம் மேசைமேல் கிடக்கலாம், முதலில் டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) கேட்டுவிடுங்கள்.