மெமோ வந்தால் முதல் அரைமணி நேரம் எதையும் எழுதாதீர்கள்

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் இரண்டு டி.சி. உண்டு. ஒன்று மாற்றுச் சான்றிதழ், இன்னொன்று டிசிப்ளினரி கமிட்டி, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குழு. ஒருமுறை முதலாமாண்டுப் பையன் ஒருவன் வீட்டுக்குப் போன் போட்டு, "நாளைக்கு டி.சி.க்கு வரச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவன் அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று அழுதார். பையன் செய்த குற்றம், லேபில் செல்போன் பார்த்தது.

அந்த மேஜையில் 22 வருடம் இருந்தேன். புகாருக்கு விளக்கம் கேட்கும் மெமோவை டைப் அடிப்பது, பதிலை வாங்கிக் கோப்பில் கட்டுவது, கமிட்டி கூடும்போது ஓரமாக உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவது எல்லாம் என் வேலை. நான் வக்கீல் இல்லை. ஆனால் எத்தனையோ கோப்புகளைப் பார்த்த பிறகு ஒன்று தெரிந்தது. செய்த தவறை விட, மாட்டிய அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்த காகிதம்தான் பல பேரைக் கவிழ்த்தது.

அந்தக் காகிதத்தின் பெயர் மன்னிப்புக் கடிதம். ஐடி கார்டைப் பிடுங்கியதும் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறை வாசலில் நிற்க வைத்து, "ஒரு அப்பாலஜி லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்பார்கள். சொல்பவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் சொல்வார், விஷயம் அதோடு முடியட்டும் என்று. சின்ன விஷயமென்றால் முடிந்தும் போகும். முடியாமல் கமிட்டிக்குப் போனால், கோப்பின் முதல் பக்கமே அதுதான். அதன்பின் நீங்கள் என்ன சொன்னாலும், "நீயே ஒத்துக்கிட்டு எழுதியிருக்கியேப்பா" என்ற ஒரே பதில்தான் வரும்.

ஹாஸ்டல் சண்டை ஒன்றில் ஆறு பேர் சிக்கினார்கள். அடிதடி நடந்தபோது அதில் ஒருவன் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆனால் ஆறு பேருக்கும் ஒருவனே கடிதம் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். "நாங்கள் செய்த தவறுக்கு வருந்துகிறோம்." மெஸ்ஸில் இருந்தவனும் அதில் கையெழுத்துப் போட்டான். ஆறு பேருக்கும் ஒரே தண்டனை. அதனால் சொல்கிறேன், கடிதத்தில் "நாங்கள்" என்ற சொல்லே வரக்கூடாது. நீங்கள் எங்கே இருந்தீர்கள், எத்தனை மணிக்கு, என்ன செய்தீர்கள், யார் பார்த்தார்கள் என்பது மட்டும் போதும். அடுத்தவன் செய்ததை அவன் எழுதிக்கொள்ளட்டும்.

உடனே எழுதச் சொன்னால் என்ன செய்வது? "சார், என்ன புகார்னு எழுத்தில் கொடுங்க, நாளைக்குக் காலையில் பதில் தர்றேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். செல்போனில் படம் பிடிக்கவும் வேண்டாம், அது இரண்டாவது மெமோவுக்கு வழி. கட்டாயம் இப்போதே வேண்டும் என்றால், நடந்ததை மட்டும் நாலு வரியில் எழுதித் தேதியும் நேரமும் போட்டுக் கொடுங்கள்.

மெமோ கையில் வந்ததும் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த நாள் எந்த இடத்தில் என்ன செய்ததாகப் புகார், எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்கள், பதில் தர எத்தனை நாள். "ஒழுங்கீனமாக நடந்துகொண்டதால்" என்று மட்டும் இருந்தால், விவரம் கேட்டு ஒரு கடிதம் கொடுக்கலாம். இதைக் கேட்டதற்காக யாரையும் தண்டித்து நான் பார்த்ததில்லை. கேட்ட பையன்களிடம் கமிட்டி கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

விதி எங்கே இருக்கும்? சேர்ந்த அன்றைக்கு ஒரு கையேடு கொடுத்தார்களே, வீட்டில் பழைய பேப்பரோடு போயிருக்கும், அதில்தான். கூடவே நீங்களும் அப்பாவும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி எங்கள் அலுவலகத்தில் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பல்கலைக்கழக ஒழுங்குவிதிகளில் "ஒழுக்கம்" பற்றிய பகுதியைப் படியுங்கள், ஒரு பத்திதான். கல்லூரி முதல்வரும் இரண்டு துறைத் தலைவர்களும் கமிட்டியில் இருக்க வேண்டும், அந்த இருவரில் ஒருவர் மாணவரின் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். சஸ்பென்ஷன், டிஸ்மிசல் என்று போகிற அளவுக்குப் பெரிய நடவடிக்கை என்றால், பல்கலைக்கழகப் பிரதிநிதி ஒருவரும் இருக்கும் கமிட்டி வேண்டும். இது தெரியாமல், எச்.ஓ.டி. தனியாகக் கூப்பிட்டு "உன்னை ஒரு மாசம் சஸ்பெண்ட் பண்ணியாச்சு" என்றதைக் கேட்டு மூட்டை கட்டிப் போனவர்கள் உண்டு. வாய்மொழி சஸ்பென்ஷனை ஏற்காதீர்கள். ஆர்டர் எழுத்தில் வேண்டும், எத்தனை நாள் என்று இருக்க வேண்டும்.

நாள் கணக்கு ஏன் முக்கியம் என்றால், தண்டனையை விட வருகைப்பதிவு பெரிய அடி. செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் வேண்டும் என்றால் நீங்கள் விடக்கூடியது 18 நாள். 12 நாள் சஸ்பென்ஷன் போனால் மிச்சம் 6. அதில் ஒரு காய்ச்சல், ஒரு அக்கா கல்யாணம். 65-லிருந்து 75-க்குள் இருப்பவர்களுக்கு மருத்துவக் காரணம், விளையாட்டு போன்றவற்றுக்குச் சான்றிதழ் கொடுத்தால் சலுகை உண்டு. சஸ்பென்ஷன் நாட்களுக்கு அந்தச் சலுகை கேட்க முடியாது. அதனால் கமிட்டி முன்னால் "தண்டனை கொடுங்க சார், ஆனா அட்டெண்டன்ஸ் போகாத மாதிரி கொடுங்க" என்று நேராகக் கேளுங்கள். ஹாஸ்டலிலிருந்து நீக்கம், நூலகத்தில் வேலை, எழுத்தில் எச்சரிக்கை என்று மாற்றிய கூட்டங்களுக்கு நானே மினிட்ஸ் எழுதியிருக்கிறேன்.

இனி பதில் கடிதம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலேயே எழுதுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், அதன் கீழே "பார்வை" என்று போட்டு மெமோ எண்ணும் தேதியும். முதல் பத்தியில் நடந்தது. இரண்டாவதில், புகாரில் எது சரி, எது தவறு என்பது. செய்ததைச் செய்யவில்லை என்று எழுதாதீர்கள், கேமரா எல்லா இடத்திலும் இருக்கிறது. செய்திருந்தால், "14-ஆம் தேதி மாலை 6.10-க்கு நான் அவரைக் கையால் தள்ளியது உண்மை. கட்டையால் அடித்ததாகச் சொல்வது உண்மையல்ல" என்கிற மாதிரி, எவ்வளவு செய்தீர்களோ அவ்வளவுக்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள். "என் குடும்பச் சூழ்நிலை" என்று ஒரு பக்கம் எழுதுவார்கள். அதைக் கமிட்டி படிக்காது, கடைசி இரண்டு வரி போதும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட எங்களுக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது, கேட்பவர்கள்தான் குறைவு.

கூட்டத்தன்று அப்பாவையோ அம்மாவையோ அழைத்து வாருங்கள், ஆனால் நடந்ததை முந்தின நாளே அவர்களிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள். அறைக்குள் வைத்துத்தான் உண்மை தெரிகிறது என்றால் அப்பா அங்கேயே கன்னத்தில் அறைவார். பார்த்திருக்கிறேன். பிறகு கமிட்டிக்குப் பேச ஒன்றும் இருக்காது, எல்லோரும் அப்பாவைச் சமாதானப்படுத்துவார்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது பழைய சட்டம். தேர்வில் காப்பியடித்ததாக மூன்று மாணவர்களின் முடிவை விசாரிக்காமலே ரத்து செய்த உத்தரப் பிரதேசத் தேர்வு வாரிய வழக்கில், 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இது கோர்ட் இல்லை, எதிர்த்தரப்பைக் குறுக்கு விசாரணை செய்ய விடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ராகிங் புகாரும் பாலியல் தொல்லைப் புகாரும் வேறு பாதை. அவற்றுக்கு மேலே சொன்ன சாமர்த்தியம் போதாது. 1996-ல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொலையான பிறகு, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 ராகிங் விதிகளின்படி ஒன்றிலிருந்து நான்கு செமஸ்டர் வரை வெளியே நிறுத்தலாம். செய்தவர் யார் என்று தெரியவில்லை என்றால் கூட்டாகவே தண்டிக்கவும் இடமுண்டு. மெஸ்ஸில் இருந்த பையன் கதை இங்கே இன்னும் ஆபத்து. புகார் கொடுத்தவரிடம் நண்பனைத் தூது அனுப்பவே கூடாது. "சும்மா பேசிப் பார்க்கலாம்னுதான்" என்று போனது மிரட்டலாகக் கோப்பில் ஏறும். நீங்கள் ராகிங்கால் பாதிக்கப்பட்ட பக்கம் என்றால் 1800-180-5522 என்ற எண்ணில் 24 மணி நேரமும் புகார் சொல்லலாம்.

முடிவு அநியாயம் என்று தோன்றினால், முதலில் ஆர்டரின் நகலை வாங்குங்கள். விதிக்கு மாறாக நடவடிக்கை எடுத்திருந்தால், யு.ஜி.சி.யின் 2023 விதிகளின்படி மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதலாம். அவர்கள் கூடுமானவரை 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஓம்பட்ஸ்பெர்சனிடம் (மாணவர் குறைகளுக்கான மேல்முறையீட்டு அதிகாரி) மேல்முறையீடு. ராகிங் தண்டனை என்றால், இணைப்புக் கல்லூரி மாணவர் துணைவேந்தருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். கோர்ட்டுக்குப் போகலாம்தான், ஆனால் அதற்குள் செமஸ்டர் ஓடிவிடும். முத்திரை போட்ட அந்தப் பிரதி எந்தக் கதவைத் தட்டினாலும் உதவும்.

அபராதம் கட்டச் சொன்னால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். எல்லாம் ஓய்ந்ததும் அலுவலகத்துக்கு வந்து "என் கோப்பை முடிச்சாச்சா?" என்று ஒருமுறை கேளுங்கள். முடிக்காத கோப்பு, மாற்றுச் சான்றிதழ் எழுதும் நாளில் நடத்தை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம், ஐடி கார்டைக் கையோடு வாங்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். நான் ஓய்வு பெற்ற அன்று என் இழுப்பறையில் யாரும் கேட்டு வராத கார்டுகள் பதினொன்று இருந்தன.