டிஜே ஸ்டென்ட்: எது வழக்கம், எது கோளாறு?

சிறுநீரகக் கல் அறுவை முடிந்து, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீர் இறங்கும் நாளத்தில் வைத்த டிஜே ஸ்டென்ட் குழாயோடு வீடு திரும்புகிறீர்களா? மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே அதை எடுக்கும் தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கைப்பேசியிலும் வீட்டுக் காலண்டரிலும் குறித்து வையுங்கள். வலி குறைந்ததும் பலர் மறந்துவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பெரியவர்களுக்கு வைப்பது பெரும்பாலும் 24 முதல் 26 செ.மீ நீளமும் சுமார் 2 மி.மீ தடிமனும் உள்ள மெல்லிய குழாய். மேல் சுருள் சிறுநீரகத்திலும் கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பையிலும் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் சிறு துளைகள் இருக்கும்.

அடிக்கடி சிறுநீர் வருவது, எரிச்சல், போகும்போது விலாவில் இழுக்கும் வலி ஆகியவை வழக்கமானவை. ஸ்டென்ட் வழியாகச் சிறுநீர் மேலேறுவதால்தான் விலா வலிக்கிறது. மலேசியாவின் பத்துமலைக் கோயிலின் 272 படிகளை ஏறி இறங்கினால் சிறுநீர் சிவக்கலாம். ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்ததும் தெளிந்தால் பயமில்லை.

கோளாறு வேறு மாதிரி. நாளாக ஆக உப்பு படிந்து ஸ்டென்ட் கல்லாக இறுகும், துளை அடைபடும். கல் உருவாகும் உடல்வாகு, சிறுநீர்த் தொற்று, கர்ப்பம் இருந்தால் இது வேகமாக நடக்கும். பழைய குழாய் நெகிழ்வை இழந்து, பெரும்பாலும் அந்தப் பக்கத் துளைகள் இருக்கும் இடத்தில் முறியும். சுருள் சரியாக விரியாவிட்டாலோ நீளம் பொருந்தாவிட்டாலோ குழாய் மேலேயோ கீழேயோ நகரும். திடீரென்று சிறுநீர் அடங்காமல் சொட்டினால், கீழ் முனை சிறுநீர் வெளியேறும் பாதைக்குள் இறங்கியிருக்கலாம். சிறுநீரில் குழாய்த் துண்டு வந்தால் தூக்கிப் போடாதீர்கள். சுத்தமான டப்பாவில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

38 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் குளிர்நடுக்கமும், விடாத விலா வலி, கட்டி கட்டியாக ரத்தம், சிறுநீர் வராமல் போவது: இதில் ஒன்று இருந்தாலும் அப்பாயின்மென்ட் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நிலை மோசமென்றால் மலேசியாவில் 999-ஐ அழையுங்கள். அடைப்புக்குப் பின்னால் சீழ் பிடித்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். கவுண்டரிலேயே "உள்ளே ஸ்டென்ட் இருக்கு, இந்தத் தேதியில் வைத்தது" என்று சொல்லிவிடுங்கள்.

நகர்ந்ததா, முறிந்ததா என்பதை வயிற்று எக்ஸ்ரே காட்டும். சிறுநீரகம் வீங்கியதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டும். உப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதற்கு சிடி ஸ்கேன் தேவைப்படலாம்.

சாதாரணமாக ஸ்டென்ட்டை எடுப்பது சில நிமிட வேலை: மரத்துப்போகும் ஜெல் தடவி, கேமரா குழாயை விட்டு, கீழ்ச் சுருளைப் பிடித்து இழுப்பார்கள். உப்பு இறுகியிருந்தால் பலவந்தமாக இழுக்கவே கூடாது. ஸ்டென்ட் முறியலாம், சிறுநீர் இறங்கும் நாளமும் கிழியலாம். முதலில் லேசராலோ அதிர்வலையாலோ படிவை உடைக்க வேண்டும். வெளியே நூல் தொங்கும் வகை என்றால், டாக்டர் சொல்லாமல் அந்த நூலைத் தொடாதீர்கள்.

எடுத்து முடித்ததும் "முழுசா வந்துடுச்சா டாக்டர், ரெண்டு சுருளும் இருக்கா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஓரிரு நாள் விலா வலியும் லேசான ரத்தமும் இருக்கலாம். காய்ச்சலோ மேலே சொன்ன மற்ற ஆபத்து அறிகுறியோ வந்தால் அன்றே திரும்பிப் போங்கள்.