சாண்ட்ஹில் கொக்குகளைப் பார்க்க நெப்ராஸ்காவுக்கு வருகிறீர்களா?

பிப்ரவரி பிறந்தால் போதும், டல்லாஸிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் டென்வரிலிருந்தும் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "கொக்கு பார்க்க எப்போ வரலாம்? எங்கே போய் நிற்கணும்? மாமியாரையும் கூட்டிட்டு வரலாமா?" ஒமாஹாவில் குடியிருப்பதால், கொக்குகள் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வந்து இறங்குகின்றன என்று நினைப்பார்கள் போல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். மாமியார் பற்றிய பதிலும் உண்டு.

முதல் வேலை, பெயரை நம்பி வண்டியை விடாமல் இருப்பது. நெப்ராஸ்கா வரைபடத்தில் சாண்ட்ஹில்ஸ் என்று பெரிய நிலப்பரப்பு ஒன்று இருக்கிறது. புல் மூடிய மணற்குன்றுகள், மாநிலத்தில் நாலில் ஒரு பங்கு அதுதான். பறவையின் பெயரும் சாண்ட்ஹில் கிரேன். அப்புறம் என்ன, அங்கேதானே இருக்கும் என்று வடக்கே வேலன்டைன் வரை ஓட்டிப்போய், மாடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். மார்ச்சில் கூட்டம் சேர்வது குன்றுகளில் இல்லை. குன்றுகளுக்குத் தெற்கே ஓடும் பிளாட் ஆற்றில், கிராண்ட் ஐலண்டுக்கும் கார்னிக்கும் இடையிலும் அதன் இரு பக்கங்களிலும். மொத்தமாக 80 மைல் நீளம் இருக்கும். போனில் சாண்ட்ஹில் என்று மட்டும் தேடினால் தென் கரோலைனாவில் இருக்கும் காப்பகத்தைக் காட்டும். அது மரங்கொத்திகளுக்குப் பேர்போன பைன் காடு. மிசிசிப்பியிலும் சாண்ட்ஹில் கொக்குக்கென்றே 1975இல் தொடங்கிய காப்பகம் உண்டு. ஆனால் அங்கே இருப்பவை வலசை போகாத, எண்ணிக்கையில் மிகக் குறைந்துபோன வேறு கிளையினம். நீங்கள் மேப்பில் போட வேண்டிய ஊர் கார்னி, நெப்ராஸ்கா. எழுத்தைப் பார்த்துக் 'கியர்னி' என்று சொன்னால் உள்ளூர்க்காரர் சிரித்துக்கொண்டே திருத்துவார்.

ஏன் இந்த ஆறு என்று தெரிந்துகொண்டால், எங்கே எப்போது நிற்பது என்பது தானாகவே விளங்கிவிடும். கோடையில் திருச்சிப் பக்கம் காவிரியைப் பார்த்திருப்பீர்கள். அகலமான படுகை, நடுநடுவே மணல்திட்டு, நாலைந்து ஓடைகளாகப் பிரிந்து கணுக்கால் அளவில் ஓடும் தண்ணீர். பிளாட் ஆறும் அப்படித்தான். கொக்குகள் இரவில் அந்தத் தண்ணீரிலும் திட்டுகளிலும் நின்றபடியே தூங்கும். நரி இனத்துக் கயோட்டி வந்தால் தண்ணீர் சலசலப்பு காட்டிக்கொடுத்துவிடும். விடிந்ததும் பக்கத்து வயல்களுக்குப் பறந்துபோய், அறுவடையில் சிந்திக் கிடக்கும் சோளத்தைத் தின்னும். ஈரப் புல்வெளிகளில் புழுவும் நத்தையும் கிளறும். டெக்சாஸ், நியூ மெக்சிகோ, மெக்சிகோ பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வருபவை இவை. மூன்று நாலு வாரம் இங்கே தங்கிக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கனடாவுக்கும் அலாஸ்காவுக்கும் கிளம்பும். சில கடல் தாண்டி சைபீரியா வரைக்கும் போகும். ஒரு வசந்தத்தில் இந்தப் பகுதிக்கு வரும் கொக்குகள் 5 லட்சத்துக்கும் மேல்.

இத்தனை பறவை இந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடிப்பது வெறும் அதிசயம் மட்டும் இல்லை, அதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. மேலே கொலராடோவிலும் வயோமிங்கிலும் அணை கட்டித் தண்ணீரைப் பிரித்துவிட்டார்கள். முன்பெல்லாம் வெள்ளம் வந்து மணல்திட்டுகளை அலசிவிட்டுப் போகும். வெள்ளம் நின்றதும் திட்டுகளில் மரம் முளைத்து ஆறு பல இடங்களில் குறுகிப்போனது. மரம் அடர்ந்த இடத்தில் கொக்கு இறங்காது, எதிரி ஒளிய வசதியாகிவிடும். அதனால் படுகை இன்னும் அகலமாக இருக்கும் துண்டுகளுக்கு எல்லாம் வந்து சேர்கின்றன. அந்த அகலமும் சும்மா கிடைப்பதில்லை. இங்கே இருக்கும் அமைப்புகள் இயந்திரம் வைத்து மரமும் புதரும் அகற்றிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்றான கிரேன் டிரஸ்ட், வயோமிங்கின் கிரேராக்ஸ் அணை வழக்கில் ஏற்பட்ட சமரசத்தால் 1978இல் பிறந்தது. காலையில் கொக்கு பார்க்க இந்த அமைப்புகளுக்கு நீங்கள் கட்டும் கட்டணம் எங்கே போகிறது என்று கேட்டால் இதுதான் பதில்.

எப்போது வருவது

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரை கொக்குகள் இருக்கும். நான் எல்லோருக்கும் சொல்வது மார்ச் 15க்கும் 30க்கும் இடையில். வார நாளாக இருந்தால் உத்தமம். சனி ஞாயிறில் கார்னி ஹோட்டல்களில் இடம் கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறிவிடும். கார்னியில் கிடைக்காவிட்டால் கிராண்ட் ஐலண்டில் பாருங்கள், 45 மைல் தூரம்தான். ஒமாஹாவிலிருந்து கார்னிக்கு இன்டர்ஸ்டேட் 80 வழியாக 180 மைல், டென்வரிலிருந்து ஏறக்குறைய 350.

ஒரே நாளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். ஒரு மாலை, அடுத்த நாள் காலை, அந்த வரிசையிலேயே. மாலையில் பொது இடத்தில் நின்று பாருங்கள், செலவு கிடையாது அல்லது மிகக் குறைவு. பறவைகள் எப்படி வருகின்றன, சத்தம் எப்படி இருக்கும் என்று கண்ணும் காதும் பழகிவிடும். அடுத்த நாள் காலையை முன்பதிவு செய்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையை முதலில் வைத்தால், என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் முடிந்துபோகும்.

மாலை

கார்னி பக்கம் இருப்பவர்களுக்கு ஃபோர்ட் கார்னி மாநிலப் பூங்காவை ஒட்டிய நடைபாலம் நல்லது. பழைய ரயில் பாலம் அது, வண்டிக்குப் பூங்கா அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். கிப்பன் எக்ஸிட் 285இல் இறங்கித் தெற்கே ஒன்றரை மைல் போனால் ரிச்சர்ட் பிளாட்ஸ் பார்வைத்தளம், ஆல்டா எக்ஸிட் 305இல் இறங்கி இரண்டு மைல் போனால் இன்னொன்று. இரண்டும் இலவசம். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் இடம் பிடியுங்கள். மார்ச் மூன்றாம் வாரத்தில் சூரியன் மறைவது ஏறக்குறைய 7.50க்கு. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, சூரியன் மறைந்ததும் குளிருக்குப் பயந்து காரை நோக்கி ஓடுவது. அசல் கூட்டம் வருவதே அதற்குப் பிறகான அரை மணி நேரத்தில்தான். முழுக்க இருட்டும்வரை நில்லுங்கள்.

காலை

இதற்குத்தான் முன்பதிவு. கிப்பன் அருகே பறவைப் பாதுகாப்புக்கான ஆடுபான் அமைப்பின் ரோ சரணாலயம், ஆல்டா எக்ஸிட்டில் கிரேன் டிரஸ்ட் மையம், இரண்டிலும் ஆற்றங்கரையில் 'பிளைண்ட்' என்று சொல்லும் மரக் கொட்டகைகள் இருக்கின்றன. சின்னச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். வழிகாட்டி கூட்டிப்போவார். பதிவு பொதுவாக ஜனவரி வாக்கில் திறக்கும், நல்ல தேதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கட்டணம், குழந்தைகளுக்கான வயது வரம்பு இவையெல்லாம் மாறக்கூடியவை, அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும். அந்த வாரம் வருபவர்கள் கூடுமிடத்துக்குப் போகும் நேரத்தை இரண்டு தடவை சரிபாருங்கள். தாமதமாக வந்தவரை உள்ளே விடமாட்டார்கள். கெஞ்சிப் பயனில்லை. இருட்டில் ஒருவர் நடந்து வந்தாலே ஆயிரக்கணக்கில் கிளம்பிவிடும்.

கொட்டகைக்குள் சூடேற்றும் வசதி இல்லை. உறைநிலைக்குக் கீழே போகும் காற்றில் இரண்டு மணி நேரம், பெரும்பாலும் நின்றபடி. நடுவில் வெளியே போக முடியாது. அதனால் விடியற்காலைக் காபியை அரை டம்ளரோடு நிறுத்துங்கள். போனை சைலன்ட்டில் போட்டால் போதாது, அணைத்துவிடுங்கள். திரையின் வெளிச்சம்தான் பிரச்சினை. கேமராவில் ஃபிளாஷ் மட்டுமில்லை, ஃபோகஸ் செய்ய உதவும் சின்ன விளக்கையும் அணைக்க வேண்டும். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கைகால் அசைத்தால் சரசரக்கும் நைலான் ஜாக்கெட் வேண்டாம். கம்பளி ஸ்வெட்டர் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள், அடர்ந்த நிறமாக. ஊரிலிருந்து கொண்டுவந்த மங்கி குல்லா இருந்தால் அதற்குச் சரியான உபயோகம் இதுதான், வெட்கப்படாதீர்கள்.

சரி, மாமியார். முழங்கால் நன்றாக இருந்தால் தாராளமாகக் கூட்டி வாருங்கள். இல்லையென்றால் காலைக் கொட்டகை வேண்டாம். மாலையில் ஆல்டா தளத்தருகே காருக்குள் உட்கார்ந்தே கண்ணாடியை இறக்கிப் பார்க்கலாம். என் மாமியார் மடியில் போர்வையும் கையில் முறுக்குமாக அப்படித்தான் பார்த்தார். கொட்டகையில் நடுங்கிக்கொண்டு நின்ற எங்களைவிட அவருக்குத்தான் நிறையத் தெரிந்தது.

என்ன பார்ப்பது

முதலில் காதுதான். இருட்டில் குரல் மட்டும் கேட்கும், தொண்டைக்குள் உருட்டி விடுவது மாதிரி ஒரு முழக்கம். இந்தப் பறவையின் மூச்சுக்குழல் நீளமாகச் சுருண்டு நெஞ்செலும்புக்குள் போகிறது. அதனால் ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும். வெளுத்துவரும்போது சாம்பல் நிறத்தில் உருவங்கள் தெரியும். நம் ஊர் வெள்ளைக் கொக்கை நினைத்து வராதீர்கள். இது மூன்று நாலு அடி உயரம், வட இந்தியாவின் சாரஸ் கொக்குக்குத்தான் நெருங்கிய உறவு. பறக்கும்போது வெள்ளைக் கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும், இது முன்னால் நேராக நீட்டும். நெற்றியில் சிவப்பு இருந்தால் வளர்ந்த பறவை. அங்கே இறகு கிடையாது, வெறும் தோல். சிவப்பு இல்லாமல், மற்றவை முழங்கும்போது கீச்சென்று குரல் விடுவது போன வருஷத்துக் குஞ்சு. அது இன்னும் அப்பா அம்மாவோடுதான் இருக்கும். இந்தக் கூட்டத்தில் மூன்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கப் பழகினால் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும். சிலவற்றின் முதுகு துருப்பிடித்த நிறத்தில் இருக்கும், இரும்புச் சத்துள்ள சேற்றைத் தாங்களே எடுத்துப் பூசிக்கொள்வதால். ஜோடி சேர்ந்து கத்தும்போது ஆண் ஒருமுறை கத்தினால் பெண் பொதுவாக இரண்டுமுறை. யார் யார் என்று கண்டுபிடிக்க வேறு வழி அநேகமாக இல்லை.

நடனம் பார்க்க வேண்டுமா, அதற்கு ஆறு தேவையில்லை. பகலில் வயல்வெளிச் சாலைகளில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கிப்பன் அருகே எல்ம் ஐலண்ட் ரோடு நல்லது. குனியும், எம்பிக் குதிக்கும், சோளத்தட்டையைத் தூக்கி எறியும். காரை ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, உள்ளேயே இருங்கள். கதவைத் திறந்தால் போச்சு. நெப்ராஸ்காவில் இவற்றை வேட்டையாடத் தடை, ஆனால் இவை குளிர்காலம் கழிக்கும் டெக்சாஸில் சுடுகிறார்கள். அதனால் மனிதர் இறங்கினாலே பயம். வயல்கள் தனியார் சொத்து, செல்ஃபிக்காக வேலி தாண்டாதீர்கள். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், விவசாயிகளின் டிரக் வேகமாக வரும்.

கூட்டத்தில் ஒன்று மட்டும் பளிச்சென்று வெள்ளையாக, இறக்கை நுனி கறுப்பாகத் தெரிந்தால் அவசரப்பட்டுக் கூவாதீர்கள். பனி வாத்தும் பெலிக்கனும் அப்படித்தான் இருக்கும். கழுத்து முன்னாலும் கால் பின்னாலும் நீண்டு, பக்கத்தில் நிற்பவற்றைவிட ஒரு தலை உயரமாக இருந்தால் அது ஹூப்பிங் கொக்கு. 1940களின் தொடக்கத்தில் இருபதுக்கும் சற்று மேலாகச் சுருங்கி, மெல்ல மெல்ல நூற்றுக்கணக்கில் மீண்ட இனம். இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். அதைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்வதே நிம்மதி. பைனாகுலர் 8க்கு 42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) போதும். பெரிய லென்ஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், விடியலின் வெளிச்சத்தில் பெரிய லென்ஸ்காரர்களும் திணறத்தான் செய்வார்கள். மாலைப் பாலத்தில் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள், படத்தைவிட அதைத்தான் ஊருக்கு அனுப்புவீர்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் இப்போது சாண்ட்ஹில்ஸுக்குப் போகலாம். கிராண்ட் ஐலண்டிலிருந்து ஹைவே 2 வடமேற்கே அலையன்ஸ் வரை 272 மைல். குன்றுகளில் சில 400 அடி உயரம், மேலே வெறும் புல், ஆழத்தில் ஒகலாலா என்னும் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம். ஹால்சியில் 1902 முதல் கையால் நட்டு வளர்த்த காடு இருக்கிறது, சார்ல்ஸ் பெஸ்ஸி என்ற தாவரவியல் பேராசிரியர் தூண்டிவிட்ட வேலை. ஏப்ரலை ஒட்டி வருபவர்கள் புல்வெளிக் கோழிகளின் விடியற்கால ஆட்டத்தையும் பார்க்கலாம், அதற்கும் முன்பதிவு வேண்டும். புரோக்கன் போவில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், சிக்னல் போகும் முன் மேப்பையும் இறக்கி வையுங்கள். மல்லன் ஊர் மவுண்டன் நேரத்தில் இருக்கிறது, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். கோழி பார்க்கப் பதிவு செய்திருந்தால், அவர்கள் சொன்ன நேரம் எந்தப் பக்கத்து நேரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.