நுண்துளை சிலிக்கா நானோதுகள்: துளை எப்படி விழுகிறது?

இந்தத் துகளில் துளையும் சுவரும் ஒன்றாகவே உருவாகின்றன. அதனால் முதல் சில நிமிடங்களில்தான் உங்கள் கவனம் முழுக்க இருக்க வேண்டும்.

படி 1: 480 மி.லி. தூய நீரில் 1 கிராம் சிடிஏபி (CTAB, சோப்பு போல நுரைக்கும் ஒரு பரப்பு இயங்கி), 3.5 மி.லி. 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சேர்த்து, கலக்கியபடியே 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். சிடிஏபி மூலக்கூறுக்கு நேர்மின் தலை. நீரோடு ஒட்டாத நீண்ட வால். செறிவு ஒரு வரம்பைத் தாண்டியதும் வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாகத் திரளும். இதுதான் மைசெல். கரைசல் கண்ணாடி போலத் தெளியும்வரை காத்திருங்கள்.

படி 2: புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து 5 மி.லி. டிஇஓஎஸ்ஸை (TEOS, சிலிக்காவுக்கு மூலப்பொருளான திரவம்) சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரமே வேண்டாம். டிஇஓஎஸ் நீரில் கலக்காது, துளித்துளியாக மிதக்கும். நன்றாகக் கலக்கினால்தான் காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு) அதை உடைத்து, எதிர்மின் சிலிகேட்டாக மாற்றும். சிலிகேட் நேராக மைசெல்லின் நேர்மின் தலைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அதுவரை ஒன்றையொன்று தள்ளிய தலைகள் இப்போது நெருங்கலாம். உருண்டை மைசெல்கள் நீண்டு தண்டாகும். தண்டுகள் தேனடை அறைகளைப் போல அடுக்கிக்கொள்ளும். இடையிலுள்ள சிலிகேட் ஒன்றோடொன்று பிணைந்து சுவராகும். எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான்: அச்சும் வார்ப்பும் ஒன்றையொன்று வடிவமைக்கின்றன. சில நிமிடங்களில் கரைசல் பால்போல் வெளுக்கும்.

படி 3: அதே சூட்டில் 2 மணி நேரம் கலக்குங்கள். சுவர் இறுகும். பிறகு வடிகட்டி, நீராலும் எத்தனாலாலும் கழுவுங்கள்.

படி 4: துளைக்குள் சிடிஏபி இன்னும் அடைத்திருக்கிறது. 550 டிகிரி உலையில் எரிக்கலாம், அல்லது அமிலம் கலந்த மெத்தனாலில் கொதிக்கவைத்து வெளியேற்றலாம். எரித்தால் பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் ஒட்டிப்போக வாய்ப்பு அதிகம். நீரில் தனித்தனியாகப் பரவ வேண்டுமென்றால் மெத்தனால் வழிதான் நல்லது.

சரி, கிடைப்பது என்ன? சுமார் 100 நானோமீட்டர் துகள், அதில் 2 முதல் 3 நானோமீட்டர் துளைகள், கிராமுக்கு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு. துளை பெரிதாக வேண்டுமா? மெசிட்டிலீன் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைச் சேர்த்துவிடுங்கள், அது மைசெல்லுக்குள் புகுந்து அதை உப்பவைக்கும். அப்புறம், துளை ஒழுங்காக அடுக்கியிருக்கிறதா என்று சிறுகோண எக்ஸ்-கதிர் சிதறலிலும், பரப்பு எவ்வளவு என்று நைட்ரஜன் உறிஞ்சல் சோதனையிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.