உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த பெண்கள் உடை வாங்கும் முறை

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ டர்பனுக்குக் குடிவரும் பெண்கள், வந்த முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. புடவையும் சுடிதாரும் பெட்டி நிறைய இருக்கின்றன. அன்றாடம் உடுத்தச் சாதாரண உடை, குளிருக்கு மேலுடை, கடலுக்கும் குளத்துக்கும் நீச்சலுடை ஆகிய மூன்றையும் எப்படி வாங்குவது? எங்கே வாங்குவது என்பதற்கு விடை எளிது. உம்லாங்காவின் கேட்வே, வெஸ்ட்வில்லின் பெவிலியன், சாட்ஸ்வொர்த் சென்டர் என்று பேரங்காடிகள் இருக்கின்றன. டர்பனிலேயே தோன்றி வளர்ந்த மிஸ்டர் பிரைஸ் போன்ற கடைகள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. எப்படி வாங்குவது என்பதற்குத்தான் சற்று விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

இங்கு வந்த முதல் ஆண்டு ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்குக்கு ஓர் உறவினர் திருமணத்துக்குப் புறப்பட்டபோது, பார்க்கக் கனமாகத் தெரிந்த கோட்டு ஒன்றை அவசரமாக வாங்கிக்கொண்டேன். அதன் உட்துணி தோள்பட்டையோடு நின்றுபோயிருந்ததை, அதிகாலையில் பேருந்தை விட்டு இறங்கிக் காற்று முதுகில் ஊடுருவியபோதுதான் கண்டுகொண்டேன். அன்றுமுதல் எந்த உடையையும் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் உட்புறம் திருப்பிப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. கீழே சொல்லும் படிகள் பெரும்பாலும் அந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்தவைதாம்.

முதல் படி: நாட்காட்டியைத் தலைகீழாகப் படியுங்கள்

இங்கே ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஊரில் ஆடிக்காற்றில் கூழ் ஊற்றிப் பழகியவர்கள், இங்குள்ள மாரியம்மன் கோயில்களில் அதே ஆடிக் கூழுக்குப் போகும்போது தோளில் கம்பளிச் சால்வை வேண்டியிருப்பதைக் கண்டு வியப்பார்கள். தீபாவளியோ வெயில் ஏறத் தொடங்கும் காலத்தில் வருகிறது.

அடுத்ததாக, நீங்கள் எந்த ஊரில் வாழப் போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். டர்பனில் குளிர்காலப் பகல்கூட இதமாகவே இருக்கும். கோடையில்தான் மழையும் புழுக்கமும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே குளிர்காலப் பகல் வெயிலாகவும் இரவு உறைநிலையை நெருங்குவதாகவும் இருக்கும். கேப் டவுனிலோ குளிர்காலத்தில்தான் மழை. அதுவும் குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும் காற்றோடு வரும். ஆகவே ஒருவருக்குப் பயன்பட்ட மேலுடை இன்னொருவருக்குப் பயன்படும் என்று எண்ண வேண்டாம். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. வெளியே போகும்போது போடுவதற்கு மட்டுமன்றி, வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது போடுவதற்கும் உடை வேண்டும்.

இரண்டாம் படி: அளவு நாடாவும் கடையின் எண்ணும்

தையல் நாடாவால் மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே மிக அகன்ற பகுதி ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். நீச்சலுடைக்காக நான்காவது அளவு ஒன்றும் உண்டு: ஒரு தோளின் நடுவிலிருந்து தொடங்கி, முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு இடையே கொண்டுசென்று, முதுகு வழியாக அதே தோளுக்கு நாடாவைக் கொண்டுவர வேண்டும். தனியாகச் செய்தால் நாடா நழுவும் என்பதால், அம்மாவையோ அக்காவையோ துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் எண்கள்தாம். நம் ஊரில் குர்த்தியின் மேல் 36 என்று போட்டிருந்தால் அது அங்குலத்தில் மார்பளவு. தென்னாப்பிரிக்கக் கடையில் 36 என்றால் அப்படியன்று. அது பிரிட்டன் முறையின் 12-க்கு இணையான ஓர் எண். பிரிட்டன் முறையின் 10 இங்குள்ள முறையில் 34 ஆகும். ஐரோப்பிய நிறுவனங்களின் சீட்டில் ஏறத்தாழ 38 ஆகும். ஒரே பேரங்காடியின் மூன்று கடைகளில் மூன்று முறைகளும் புழங்குவதால், எண்ணை நம்பாமல், அந்தந்தக் கடையின் அளவு அட்டவணையில் உங்கள் சென்டிமீட்டர் எங்கே பொருந்துகிறது என்று பாருங்கள். எண் பெரிதாக வந்தால் மனம் வாடத் தேவையில்லை. அது கடையின் கணக்கே தவிர உங்கள் உடம்பின் கணக்கன்று.

சில சொற்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நாம் ஸ்வெட்டர் என்பதை இங்கே ஜெர்சி என்பார்கள். நீச்சலுடைக்குக் காஸ்ட்யூம் என்று பெயர். ஓட்டக் காலணியை டாக்கிஸ் என்றும், கடை ரசீதை ஸ்லிப் என்றும் சொல்வார்கள்.

மூன்றாம் படி: அன்றாட உடை

இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. சட்டையையோ டி-ஷர்ட்டையோ உட்புறம் திருப்பி, பக்கவாட்டுத் தையலை இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். தையல் இடைவெளிகள் அகன்று நூல் தெரிந்தால், இரண்டு சலவைக்குள் பிரியத் தொடங்கும். பிறகு துணிச்சீட்டைப் படியுங்கள். டர்பனின் புழுக்கத்துக்குப் பருத்தி, லினன், விஸ்கோஸ் ஆகியவை உகந்தவை. விஸ்கோஸ் உடலில் வழிந்து நிற்கும், ஆனால் நனைந்திருக்கும்போது வலுக்குறையும் என்பதால் முறுக்கிப் பிழியக் கூடாது. முழுக்கப் பாலியெஸ்டரில் நெய்த மேற்சட்டை மடிப்புக் கலையாமல் அழகாகத் தொங்கினாலும், ஜனவரியில் அதை அணிந்துகொண்டு டாக்டர் யூசுஃப் டாடூ தெருவில் நடந்து பார்த்தால் என் அறிவுரையின் பொருள் விளங்கும். (பழையவர்கள் அந்தத் தெருவை இன்னும் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்வார்கள்.) அதே சீட்டில் உடை எந்த நாட்டில் தயாரானது என்பதும் இருக்க வேண்டும், அது நுகர்வோர் சட்டப்படி கட்டாயம்.

ஆயத்தக் காற்சட்டைகள் நம்மில் பலருக்கு நீளமாக இருக்கும். இடுப்புக்குப் பொருந்துவதை வாங்கிக்கொண்டு, நீளத்தைத் தையற்காரரிடம் கொடுத்துக் குறைத்துக்கொள்வதே சரி. நீளம் பொருந்துகிறதே என்று இடுப்பு இறுக்கமானதை வாங்குவது பணவிரயம்.

நான்காம் படி: மேலுடை

மூன்றிலும் அதிகப் பணத்தை இதற்குத்தான் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு நல்ல மேலுடை பத்துக் குளிர்காலம் உழைக்கும். ஒரு மோசமான மேலுடை முதல் இரவிலேயே கைவிடும்.

முதலில் உட்துணி கழுத்திலிருந்து கீழ் விளிம்பு வரையிலும், கைகளுக்குள்ளும் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கோட்டுத் துணியின் சேர்மானத்தைப் படியுங்கள். கம்பளி நூல் குறைந்து அக்ரிலிக் என்னும் செயற்கை இழை மிகுந்திருந்தால், கனம் இருக்கும், வெப்பம் குறைவாக இருக்கும், சில மாதங்களில் உருண்டை உருண்டையாகப் பிசிறும் எழும்பும். உட்பக்கத்தை உள்ளங்கையால் சில முறை தேய்த்துப் பார்த்தாலே பிசிறு எழும் துணியை ஓரளவு இனங்காணலாம்.

உள்ளே அடைப்பு வைத்து உப்பலாகத் தைத்த பஃபர் ஜாக்கெட்டுகளில் இரண்டு வகை உண்டு. வாத்தின் மென்னிறகு அடைத்தது எடை குறைந்தும் வெப்பம் மிகுந்தும் இருக்கும். ஆனால் நனைந்தால் இறகுகள் ஒட்டிக்கொண்டு வெப்பத்தை இழந்துவிடும். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிருக்கு அது பொருந்தும். செயற்கைப் பஞ்சு அடைத்தது சற்றுப் பருமனாக இருந்தாலும் ஈரத்திலும் ஓரளவு காக்கும். எதை எடுத்தாலும் தையல் கோடுகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கோட்டுக்கு இருபுறமும் வெறுமையாகத் தெரிந்தால் அடைப்பு போதவில்லை என்று பொருள். விரல்களால் தேய்க்கும்போது இறகு நுனி வெளியே குத்தினால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

மழைக்கு வாங்கும்போது நீர்புகாதது என்பதும் நீரைச் சற்று நேரம் தடுப்பது என்பதும் வெவ்வேறு என்பதை நினைவில் வையுங்கள். உண்மையில் நீர்புகாத ஜாக்கெட்டின் உட்புறத்தில் ஒவ்வொரு தையலின் மேலும் பட்டை ஒட்டியிருக்கும். பட்டை இல்லையென்றால், துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஊசித்துளை வழியாக நீர் இறங்கும். டிராக்கன்ஸ்பர்க் மலைகளில் குளிர்காலத்தில் பனி பெய்வதுண்டு என்பதால், நடைப்பயணம் போகிறவர்கள் கேப் யூனியன் மார்ட் போன்ற வெளிப்புற உடைக் கடைகளில் இதைக் கேட்டு வாங்கலாம்.

கடைக்காரர்கள் யாரும் சொல்லாத, நமக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. புடவைமேல் போடும் மேலுடை தனி. முந்தானையின் மடிப்பு தோளில் உட்கார்ந்திருப்பதால் இறுக்கமான அக்குள் வெட்டு கசக்கிவிடும். இடுப்போடு நிற்கும் ஜாக்கெட்டு கொசுவத்தின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும். முன்பக்கம் திறந்த, முழங்கால் வரை நீண்ட, கை வெட்டு தளர்ந்த கம்பளிக் கோட்டே பொருத்தம். அதை அணிந்து பார்க்கப் போகும் நாளில் புடவையிலேயே கடைக்குப் போய்விடுங்கள். உடைமாற்றும் அறை வாசலில் நிற்கும் பெண் ஒரு கணம் உற்றுப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: நீச்சலுடை

இதைப் பற்றிப் பேசும்போது நம் பாட்டிமார் கூச்சப்படுவதை வெறும் நாணம் என்று தள்ளிவிடக் கூடாது. நிறவெறி ஆட்சியில் டர்பனின் கடற்கரைகளே இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 1989 நவம்பரில்தான் எல்லாக் கடற்கரைகளும் எல்லாருக்கும் திறக்கப்படும் என்று அன்றைய அதிபர் டி கிளர்க் அறிவித்தார். கடலை அருகில் வைத்துக்கொண்டும் அதில் இறங்கிப் பழகும் வாய்ப்புக் குறைந்திருந்த தலைமுறையில், பலரிடம் நீச்சலுடை ஒன்றுகூட இருந்ததில்லை. ஆகவே வீட்டில் வாங்கிப் பழகியவர் யாரும் இல்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சுடிதாருடனோ பருத்திச் சட்டையுடனோ இறங்கலாமே என்று கேட்பார்கள். பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்துக் கை கால்களை இழுக்கும். அலையில் அது ஆபத்து. பல நீச்சல் குளங்களிலும் அனுமதிக்க மாட்டார்கள். உடலை மூட விரும்புகிறவர்களுக்கு, நீச்சல் துணியிலேயே தைத்த முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரையான இறுக்கக் காற்சட்டை, அதன்மேல் அணியும் குட்டைப் பாவாடை எல்லாம் கிடைக்கின்றன. வெயிலுக்கும் அவையே நல்லவை. சீட்டில் யூபிஎஃப் 50 என்று இருந்தால், புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைக் கடக்கும் என்று பொருள்.

வாங்கும்போது இதையும் உட்புறம் திருப்புங்கள். முன்பக்கம் முழுவதும் உட்துணி இருக்க வேண்டும்; அடிப்பகுதியில் மட்டும் இருந்தால் போதாது. பிறகு துணிக்குள் கைமுட்டியை வைத்து நீட்டி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரல்களின் வடிவம் தெரிந்தால் நனைந்தபின் எல்லாம் தெரியும். வெளிர் நிறங்களில் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. துணி நனைந்தால் சற்று நெகிழும் என்பதால், உலர்ந்த நிலையில் பிடித்து நிற்கும் அளவை எடுங்கள். ஆனால் உடையின் தோள் வார் சதையில் பதிந்தால், குறை நான் மேலே சொன்ன நான்காம் அளவில் என்று பொருள், அகலத்தில் அன்று. அணிந்து பார்க்கும்போது உள்ளாடையின் மேலேயே அணியுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சுகாதாரப் பட்டையை அகற்றிவிட்டால் கடை திரும்ப எடுக்காது.

கடலுக்கு மட்டுமென்றால் நைலானும், எலாஸ்தேன் என்னும் இழுபடும் இழையும் கலந்த துணி போதும். வாரந்தோறும் குளத்தில் பயிற்சி செய்கிறவர்கள் பாலியெஸ்டர் மிகுந்த, குளோரினைத் தாங்கும் துணியைக் கேட்டு வாங்க வேண்டும். குளோரின் எலாஸ்தேன் இழையைத் தின்றுவிடும், ஒரு பருவத்துக்குள் பின்புறம் தொய்ந்து தொங்கும். அகுல்லாஸ் நீரோட்டத்தின் வெப்பத்தால் டர்பன் கடல் ஆண்டு முழுவதும் இறங்கத்தக்கதாக இருக்கிறது. கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கம் பனிக்கட்டி போலக் குளிரும். அங்கே வெட்சூட் என்னும், குளிர் தாங்கும் தடித்த நீச்சலுடை இல்லாமல் நீண்ட நேரம் நீந்த எண்ண வேண்டாம்.

ஆறாம் படி: பணம் கொடுக்கும் இடம்

கடையில் எழுதியிருக்கும் விலையிலேயே 15 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். கல்லாவில் அந்தக் கடையில் கடனுக்கு வாங்க உதவும் கணக்கட்டை வேண்டுமா என்று இனிமையாகக் கேட்பார்கள். வட்டி விவரத்தை வீட்டில் உட்கார்ந்து படிக்கும் வரை வேண்டாம் என்றே சொல்லுங்கள். விலை கூடிய கோட்டுக்கு லே-பை முறை நல்லது: தவணை தவணையாகக் கட்டி முடிக்கும் வரை உடையைக் கடையே வைத்திருக்கும், வட்டி கிடையாது. வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து தருவிப்பவர்கள், ஆடைகளுக்கு இறக்குமதி வரி 45 சதவீதம் என்பதையும் அதன்மேல் வாட் வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பிறகு மலிவா என்று முடிவுசெய்யட்டும்.

ஸ்லிப்பைப் படம் எடுத்து வையுங்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பணமா, மாற்றா, பழுது நீக்கமா என்று தேர்வுசெய்யும் உரிமை உங்களுடையது. கடையில் ஒட்டிய எந்த அறிவிப்பும் அதைப் பறிக்காது. வெறுமனே மனம் மாறியதற்காகத் திருப்புவதோ கடையின் விருப்பத்தைப் பொறுத்தது. இணையத்தில் வாங்கியிருந்தால், 2002-ஆம் ஆண்டின் மின்னணு வணிகச் சட்டம் பொருள் கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப இடமளிக்கிறது. அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆகவே பார்சல் வந்த அன்றே, சீட்டைக் கழற்றாமல், உடையை உட்புறம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.