போர் தண்ணீரில் கழுவிய பிலிம்

தருமபுரியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். அந்தத் தண்ணீரில்தான் முதல் கறுப்பு வெள்ளை ரோலைக் கழுவினேன். காய்ந்ததும் நெகட்டிவ் முழுக்க வட்ட வட்டமாய்க் கறை. ஒரு பிரேமில் ரோட்டோரம் ராகி தூற்றும் அம்மாயி. பிரிண்ட் போட்டால் கறையெல்லாம் வெள்ளை வளையமாக விழுந்து, பறக்கிற உமியோடு கலந்து கிடந்தது. எது உமி, எது உப்பு என்று எனக்கே பிடிபடவில்லை. இப்போதெல்லாம் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. கேன் தண்ணீர்தான். கறை வேண்டுமென்றால் மட்டும் போர் குழாயைத் திறப்பேன்.

அதற்காக எல்லாக் கோளாறையும் கலை என்று சொல்லிவிடாதீர்கள். ஹைப்போவில் (படத்தை நிலைக்க வைக்கும் மருந்து) சரியாக ஊறாத பிலிம் பால் பூத்த மாதிரி இருக்கும், நாளாக நாளாகக் கெடும். அது சோம்பேறித்தனம். பிலிம் நுனியில் ஒரு துண்டு வெட்டி ஹைப்போவில் போடுங்கள். அது தெளிய ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ரோல் ஊறட்டும்.

படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்தை ஊற்றியதும் பிலிம் டேங்கை மேஜையில் ரெண்டு தட்டுத் தட்டவில்லையென்றால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மருந்து படாது, பிரிண்டில் கரும்புள்ளி. முகத்தில் விழுந்தால் மச்சம், வானத்தில் விழுந்தால் காக்கை. நான் தட்டிவிடுவேன்.

எனக்குப் பிடித்த கோளாறு, பிலிமின் மேல்பூச்சில் விழும் சுருக்கம்தான். எச்.பி.5 கறுப்பு வெள்ளை பிலிமை டி-76 டெவலப்பரில், தண்ணீர் கலக்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம் வழக்கம்போல் கழுவுங்கள் (சித்திரையில் இங்கே 20 டிகிரிக்கு ஐஸ் கட்டிதான் கதி). ஹைப்போ முடிந்து அலசியபின் 60 டிகிரி வெந்நீரில் சில நிமிடம். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு ஊதி இளகும். அப்படியே ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். சட்டென்று இறுகும்போது, வற்றிய ஏரி மண் வெடிப்பதுபோல் சுருங்கும். இப்போது வரும் பிலிமில் ஜெலட்டின் கெட்டி. லேசான சூடு பலிக்காது, ரெண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி முக்க வேண்டும். ஈரத்தில் விரல் பட்டால் பூச்சு வழண்டு வந்துவிடும்.

சுருங்கினது சுருங்கினதுதான். அதனால் ஒரே காட்சியை நாலைந்து பிரேம் எடுத்து, பாதியை வெட்டித் தனியே வைத்துவிடுங்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையை அப்படி எடுத்தேன். சுருங்காத படத்தில் வானம் வெறும் வானம். சுருங்கியதில் பாறையின் சொரசொரப்பு வானத்திலும் ஏறியிருந்தது. அம்மாயி முகத்தை மட்டும் இன்னும் வெந்நீரில் போட மனசு வரவில்லை.